நீர்ப்பூட்டுக் காவலர் குடிவழி

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களுட் சிலர்க்கு வியப்பை விளைத்திருக்கலாம். ஐர்லாந்திலிருந்து கனடாவிற் குடியேறிக் கால்வாய்களில் நீர்ப்பூட்டுக் காத்த எளிய மக்களின் குடிவழியைத் துருவி யறிவது எங்ஙனம் என்பதே அப்பொருள். ‘நமக்கும் அவர்க்கும் யாது தொடர்பு?’ என வினவுவீராயின், உறவாலும் ஊராலும் தொடர்பு ஒன்றுமில்லை என்பதை முன்னரே ஒப்புக்கொள்கின்றோம். ஆயினும், குடிப்பெருமை பேசும் அவா எந்நாட்டார்க்கும் பொது. அவ்வவாவை உண்மையின்பாற் செலுத்துமாறு எவ்வாறு என்பதை அவர்தம் வரலாறு நன்கு காட்டுகின்றது. அது கருதியே இதனைத் தேர்ந்தோம். சொல்லிலும் பொருளிலும் குற்றமிருப்பின் அவையோர் பொறுத்தருளுக.

ஐர்லாந்து மக்கள் தம் முன்னோரைப் புகழ்வதில் யார்க்கும் இளைத்தவரல்லர். 1014-ஆம் ஆண்டிற் குளொண்டார்ப் போரில் மாண்ட பிரியன் போரு என்னும் வேந்தனைத் தம் குலமுதல்வனாகக் கொள்ளாத ஓபிரியன் குடியினரைக் காண்டல் அரிது. இத்தகைய மக்களிற் பல்லாயிரவர் வறுமையாற் கடல் கடந்தனர். அவர்தம் வழித்தோன்றல்கள் வேற்று நாட்டிற் பல்கிப் பெருகிய பின்னர், ‘எம் குடிமுதல்வர் யாவர்?’ எனத் தேடப் புகுந்தனர். தேடினார்க்குக் கிடைத்தவை முடியும் செங்கோலும் அல்ல, மண்வெட்டியும் தள்ளுவண்டியுமே. அதனை அவர் மறைத்தாரல்லர். கல்லில் எழுதி நாட்டினர். இம்மனநிலையே யாம் கூறவந்ததன் உயிர்நிலை யென்க.

இனிக் கால்வாயின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1812-ஆம் ஆண்டு பிரிட்டிஷாருக்கும் அமெரிக்க ஐக்கிய நாட்டாருக்கும் போர் மூண்டது. 1814-ஆம் ஆண்டின் இறுதியிற் சமாதானம் ஏற்பட்டபோதிலும், மீண்டும் போர் வருங்கொல் என்னும் அச்சம் நீங்கவில்லை. செயிண்ட் லாரன்ஸ் ஆறு எல்லையை ஒட்டி ஓடுவது. பகைவர் அதனை எளிதில் மறிக்கலாகும். ஆதலின், உள்நாட்டு வழியாகப் படைப்பொருள் கொண்டு செல்லவேண்டி, ஆட்டவா ஆற்றிலிருந்து கிங்ஸ்டன் நகரம் வரை 202 கிலோமீட்டர் நீளமுள்ள ரீடோ கால்வாயை அமைக்கத் துணிந்தனர். அரசாங்கப் பொறியாளர் படையைச் சார்ந்த ஜான் பை துரை தலைமை தாங்க, 1826-ஆம் ஆண்டில் தொடங்கிய பணி 1832-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

வழியெல்லாம் காடும் பாறையும் சதுப்பும். காட்டை வெட்டி, பாறையைப் பிளந்து, சேற்றில் நின்று மண் தோண்டியவருட் பெரும்பாலோர் ஐரிஷ்காரரும் பிரெஞ்சுக் கனடியரும் ஆவர். கோடைதோறும் சதுப்பு நிலத்தில் முறைக்காய்ச்சல் பரவியது. வெடிமருந்தாலும், கல் சரிந்தும், நோயாலும் மாண்டவர் ஏறத்தாழ 1000 பேர் என மதிப்பிடுவர். அவருட் பலர்க்குக் கல்லறையுமில்லை. பெயர் தாங்கிய ஓர் ஏடுமில்லை. பைடவுன் எனப்பட்ட ஊரிற் கால்வாய்க் கரையையொட்டிக் குடிசை போட்டு வாழ்ந்த ஐரிஷ்காரரின் சேரிக்கு, அவர் பிறந்த கார்க் நாட்டின் பெயரால் கார்க்டவுன் என்னும் பெயர் வழங்கிற்று. அப்பைடவுனே 1855-ஆம் ஆண்டில் ஆட்டவா எனப் பெயர் மாறிப் பின்னர்க் கனடாவின் தலைநகரமாயிற்று.

‘லாக்’ என ஆங்கிலேயர் கூறும் நீர்ப்பூட்டு யாது எனச் சிலர் ஐயுறலாம். மேட்டு நீருக்கும் பள்ள நீருக்கும் இடையே கற்சுவர்களாற் கட்டிய தொட்டியே அது. இருபுறமும் கதவுகள் உண்டு. பள்ளத்திலிருந்து வரும் படகு தொட்டியினுள் நுழைந்ததும் கீழ்க்கதவை அடைத்து, மேலிருந்து மதகின் வழியாக நீரை விடுவர். நீர் உயரப் படகும் உயரும். இரண்டு நீரும் ஒரு மட்டமானவுடன் மேற்கதவைத் திறந்தால் படகு மேட்டு நீரிற் சென்றுவிடும். இறங்கும் படகுக்கு இதனையே மாற்றிச் செய்வர். ரீடோ கால்வாயில் இத்தகைய பூட்டுக்கள் 47 அமைந்தன. ஆட்டவா நகரில் எட்டுப் பூட்டுக்கள் படிக்கட்டுப் போல ஒன்றன்மேலொன்றாக நிற்கின்றன. சங்கிலியைச் சுற்றிக் கதவு திறந்து மூடுவதும், நீர்மட்டத்தை ஓயாது நோக்கி அணைக்கு இடர் வாராமற் காப்பதும், போகும் வரும் படகுகளைக் கணக்கெழுதுவதும் காவலரின் கடமை. பனிக்காலத்தில் நீர் உறைந்து போக்குவரவு நிற்கும். அப்போதும் பூட்டுத் தலைவர் இடம்விட்டுப் பெயரார்.

இவ்வேலை யார்க்குக் கிடைத்தது? கால்வாய்ப் பணிக்கெனத் திரட்டிய இரண்டு படைப்பிரிவுகளிலிருந்து விடைபெற்று அந்நாட்டிலேயே தங்கிய வீரர் சிலர்க்கும், பணியில் நன்மதிப்புப் பெற்ற வேறு சிலர்க்கும் கிடைத்தது. தந்தைக்குப் பின் மகன் அவ்வேலையேற்ற குடும்பங்களும் உண்டு. பிற்காலத்தில் ஆட்சிக் கட்சி மாறுந்தோறும் வேலை பெற்றோரும் இழந்தோரும் உளர். மண் தோண்டிய கூலிக்காரனுக்கு நிலையான இருப்பிடமில்லை. பூட்டுக் காவலனுக்கோ அரசாங்க வீடும், சம்பளமும், ஏட்டிற் பெயரும் உண்டு. ஆகவே, பெயரறியாப் பெருந்திரளின் வரலாற்றிற் புகுவார்க்குக் காவலர் குடும்பமே முதல் வாயிலாகின்றது.

இனித் தேடும் முறையைக் கூறுவோம். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க. தலைமுறை ஒன்றைத் தாண்டிக் குதியாதே: இதுவே முதல் விதி. தன் தந்தையின் பிறப்புப் பதிவு, பாட்டன் திருமணப் பதிவு, பூட்டன் இறப்புப் பதிவு எனப் படிப்படியாக ஏறல் வேண்டும். ஒன்டேரியோ மாகாணத்திற் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசாங்கத்தார் பதியத் தொடங்கியது 1869-ஆம் ஆண்டில். அதற்கு முன்னுள்ள செய்திக்குக் கோயிற் பதிவேடுகளே புகல். கத்தோலிக்கக் குருமார் ஞானஸ்நான ஏட்டிற் குழந்தையின் தாயை அவள் பிறந்த குடிப்பெயராற் குறிப்பது வழக்கம். ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயரையும் எழுதுவர். இவர் பெரும்பாலும் நெருங்கிய உறவினராதலின், ஒரு வரியில் மூன்று குடும்பங்களின் தொடர்பு வெளிப்படும். பெண்வழி மறைந்துபோகாமற் காத்த பெருமை அவ்வேட்டிற்கு உரியது.

1851, 1861, 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குகளில் வீட்டிலிருந்தோர் பெயர், வயது, தொழில் முதலியன காணப்படும். ஆனால் பிறந்த இடத்துக்கு நேரே பெரும்பாலும் ‘ஐர்லாந்து’ என்னும் ஒரு சொல்லே நிற்கும். அத்தீவிலோ சிற்றூர்ப் பிரிவுகள் 60,000-க்கு மேல் உள்ளன! அவற்றுள் எதனை நாடுவது? ஈண்டுக் காவலரின் வழியினர்க்கு ஒரு நற்பேறு உண்டு. முன்னோர் படைவீரராயின், அவர் விடைபெற்ற காலத்துப் பத்திரம் லண்டன் ஆவணக் காப்பகத்திற் கிடைத்தல் கூடும். அதிற் பிறந்த ஊரும், வயதும், உடலடையாளமும் எழுதப்பட்டிருக்கும். வேலைக்கு விண்ணப்பித்த கடிதங்களும், சம்பளப் பட்டியல்களும் உதவும். ஜோன்ஸ் நீர்வீழ்ச்சியருகே முதற் பூட்டுத் தலைவராயிருந்த பீட்டர் ஸ்வீனி என்பார் 1839 முதல் 1850 வரை எழுதிய நாட்குறிப்பு அழியாது எஞ்சி, இந்நூற்றாண்டில் அச்சேறியுள்ளது. அவர் வாழ்ந்த கல்வீடும் அவர் பெயராலேயே வழங்கி இன்றும் நிற்கின்றது.

பெயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஐரிஷ் பெயர்களின் முன்னிற்கும் ‘ஓ’ என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் என்றும், ‘மக்’ என்பது மகன் என்றும் பொருள்படும். ஆங்கில ஆட்சியில் இவ்வடைகளை விட்டாரும், பின்னர் மீண்டும் சேர்த்தாரும் பலர். ஸ்வீனியும் மக்ஸ்வீனியும் ஒரு பெயரே. குடியேறினோருட் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர். சிலர்க்குத் தாய்மொழியாகிய ஐரிஷ் மொழியே வரும். எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். ஆதலின், ஓர் எழுத்து வேறுபாடு கண்டு ‘இவர் எம்மவரல்லர்’ எனத் தள்ளுதலும், எழுத்தொற்றுமை ஒன்றே கண்டு ‘இவர் எம்மவரே’ எனத் தழுவுதலும் ஒக்கப் பிழையாம்.

பாட்டன் பெயரைத் தாங்குவோன் ஆதலின் அன்றோ தமிழிற் பெயரன் என்றனர்? ஐரிஷ் மக்களிடத்தும் இவ்வழக்கம் உண்டு. தலைமகனுக்குத் தந்தையின் தந்தை பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாயின் தந்தை பெயரும், தலைமகளுக்குத் தாயின் தாய் பெயரும், இரண்டாம் மகளுக்குத் தந்தையின் தாய் பெயரும் இடுதல் அவர் மரபு. ஆகவே, கனடாவிற் பிறந்த குழந்தைகளின் பெயர்வரிசை கொண்டே, கடலுக்கு அப்பால் இருந்த பாட்டன் பாட்டியரின் பெயரை ஒருவாறு உய்த்துணரலாம். எல்லாரும் மரபைப் பிழையாது காத்தனர் எனக் கொள்ளற்க. இது குறிப்பேயன்றிச் சான்றன்று.

இவற்றிற்கெல்லாம் மேலாக ஒரு செல்வம் உண்டு. 1829-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கால்வாயில் வேலை செய்த ஐரிஷ் தொழிலாளர் ஏறக்குறைய 700 பேர், தம் சுற்றத்தாரும் கடல் கடந்து வந்து சேர உதவுமாறு அரசாங்கத்தாரை வேண்டினர். அதன்பொருட்டு ஒவ்வொருவரும் தாம் பிறந்த நாடு, கோயிற் பங்கு, சிற்றூர், தம்மை அறிந்த குருவர் அல்லது நிலக்கிழார் பெயர், ஊரில் விட்டுவந்த உற்றார் ஆகிய விவரங்களைத் தெரிவித்தனர். ‘மக்கேப் பட்டியல்’ என இன்று வழங்கும் அவ்வேடு லண்டனிற் குடியேற்ற அலுவலகத் தாள்களிடையே நெடுங்காலம் மறைந்து கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிப்பட்டது. தம் பெருமை நிலைக்கவேண்டுமென்று அவர் அதனை எழுதுவித்தாரல்லர். தாயை, உடன்பிறந்தாரைப் பிரிந்த துயரால் எழுதுவித்தனர். அத்துயரமே வழித்தோன்றல்களுக்கு விளக்காயிற்று!

அப்பட்டியல் டப்ளின் நகரில் இருந்திருப்பின் யாதாகியிருக்கும்? 1922-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின்போது, அந்நகரத்துப் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்குகள் சிற்சில பகுதியொழிய அதிற் சாம்பலாயின. 1861, 1871-ஆம் ஆண்டுக் கணக்குகளை அரசாங்கத்தாரே முன்னர் அழித்தனர். அடுத்த இரண்டும் முதல் உலகப் போர்க் காலத்திற் காகிதக் கூழாயின. முழுதும் எஞ்சியவற்றுள் முற்பட்டது 1901-ஆம் ஆண்டுக் கணக்கே. எனினும் தேடுவோர் சோர்ந்தாரல்லர். கோயில் வரிக்கென 1823 முதல் எழுதிய நில ஏடுகளும், 1847 முதல் 1864 வரை வெளிவந்த கிரிபித் துரையின் நில மதிப்பீடும், பங்குக் கோயில்களின் ஏடுகளும் துணை நின்றன. எரிந்த ஏடுகளுக்குப் பிறவிடங்களில் இருந்த படிகளைத் திரட்டி, நூறாண்டு நிறைந்த 2022-ஆம் ஆண்டிற் கணிப்பொறி வழியே யாவரும் காண வெளியிட்டனர். அழிந்ததை நினைந்து அழுவதோடு நில்லாது, எஞ்சியதைத் தொகுத்த அவர்தம் ஊக்கம் போற்றற்குரியது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பாட்ரிக் மர்பி என ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மர்பி என்பது ஐர்லாந்தில் மிகப் பலர் தாங்கும் குடிப்பெயர். ஒரே வயதும் ஒரே பெயரும் உடைய மூவர் ஒரே பங்கில் இருத்தல் இயல்பே. அவருள் நிலமுடைய ஒருவரைத் தெரிந்து, ‘இவரே எம் பாட்டனார்’ என ஏட்டில் ஏற்றிவிடுதல் எளிது. ஆனால் அங்ஙனம் செய்தார், பிறர் பாட்டனைத் தமதாக்கிக்கொள்வதோடு, தம்மைப் பெற்ற குடியின் உண்மைப் பாட்டனை மீண்டும் ஒருமுறை புதைப்பவராகின்றனர். இக்காலத்து மரபணுச் சோதனை உறவு உண்டென்று காட்டும். உறவின் பெயரைச் சொல்லாது. ஆகவே ஏடும் சோதனையும் ஒன்றற்கொன்று சான்றாக நிற்றல் வேண்டும். சான்று எட்டாத இடத்தில் வெற்றிடம் விடுவதே அறிவுடைமை. பொய்யால் நிரப்பிய கிளையினும் வெறுங்கிளை மேல்.

2004-ஆம் ஆண்டில், ஆட்டவா நகரத்து எட்டுப் பூட்டுக்களின் அருகே, கால்வாய்ப் பணியில் மாண்ட தொழிலாளர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் கற்சிலுவை ஒன்றை நாட்டினர். 2007-ஆம் ஆண்டிற் கால்வாய் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவினால் ஏற்கப்பட்டது. வேந்தர் வழியைத் தேடினார் பலர்க்கு வேந்தர் அகப்படவில்லை. சேற்றில் நின்று காய்ச்சலோடு மண் சுமந்த ஒரு மனிதனும், அவனை நம்பிக் கடல் கடந்த ஒரு பெண்ணும் அகப்பட்டனர். அவ்விருவரும் உண்மையானவர். அப்பெருமைக்கு மேற்பட்ட பெருமை யாது வேண்டும்?

அன்பர்களே! நம் இல்லங்களில் எண்பதாண்டு கடந்த முதியோர் இருப்பர். இன்று வீடு சென்றதும் அவர்பால் அமர்ந்து, அவர் பாட்டியார் பெயர் யாது, எவ்வூரிற் பிறந்தார், என்ன வேலை செய்தார் என வினவுங்கள். சொல்லியவாறே எழுதுங்கள், கூட்டவும் வேண்டா, குறைக்கவும் வேண்டா. கூலிவேலை செய்தார் எனின் அங்ஙனமே எழுதுக. நாளும் ஊரும் மறவாமற் குறித்து வைக்க. நூறாண்டு கழித்து ஒரு பெயரன் அதனைக் கையிலெடுத்து நன்றி கூறுவான்.