கசிவும் காரணமும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இம்மேடையில் வழக்கமாகப் பேசப்படும் பொருளை விட்டு, நம் கடற்கரையிலே தினமும் நாம் காணும் ஒன்றைப் பற்றிச் சில சொல்ல முன்வந்துள்ளோம். அதுதான் படகின் பின்புறத்தில் தொங்கும் ஈரடிப்பு எஞ்சின். ‘டூ ஸ்ட்ரோக்’ என்று நாம் அழைப்பது. உடப்பிலும் ஆண்டிமுனையிலும் கற்பிட்டியிலும் எத்தனையோ வீடுகளின் அடுப்பு எரிவதும் எரியாததும் இந்த எஞ்சினைப் பொறுத்தது என்றால் அது மிகையாகாது.

முதலில் எமது தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், எம் படகின் எஞ்சினின் அடியில் மணல்மீது எண்ணெய்ச் சொட்டுகள் விழுந்திருக்கக் கண்டோம். “புகையோடு வரும் ஒயில்தானே” என்று எண்ணிப் பழந்துணியால் துடைத்தோம். மறுநாளும் துடைத்தோம். ஒரு மாதம் துடைத்தோம். ஒருநாள் விடியற்புறத்தில், கரை மறைந்த தூரத்தில், எஞ்சின் முழங்கியது, படகோ நகரவில்லை. கியர் அரைபட்டுப் போயிற்று. சோளகக் காற்று தொடங்கும் காலம். வெயில் ஏறும்வரை அலையோடு மிதந்தோம். வேறொரு படகுக்காரர் கண்டு கயிறு எறிந்து இழுத்து வந்தபடியால் இன்று இங்கே நிற்கிறோம். கரையில் கழற்றிப் பார்த்தபோது, அறுந்த தங்கூசி நூல் ஒன்று புரொப்பெல்லர் தண்டில் சுற்றி, ஒயில் சீலை அறுத்திருந்தது. நாம் துடைத்ததெல்லாம் கியர் ஒயில்! துடைப்பது பரிகாரமன்று என்பதை அன்று கற்றோம்.

நோய்க்கு மருந்து கொடுக்குமுன் அதன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது வள்ளுவர் பெருமான் கூறிய நெறி. எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும்.

இந்த எஞ்சினின் இயல்பைச் சற்று அறிவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரத்தவரான ஜோசப் டே என்பவர், பிஸ்டனின் கீழுள்ள கிராங்க் அறையையே காற்றும் எரிபொருளும் புகுந்து செல்லும் பம்பாக அமைத்தார். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டில் படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினைச் செய்து விற்கத் தொடங்கினார். இத்தகைய எஞ்சினில் ஒயில் கிராங்க் அறையின் அடியில் தேங்கி நிற்பதில்லை. எரிபொருளோடு கலந்து சென்று எரிந்து போகும். ஆகவே கிராங்க் அறையின் சீல் பழுதானால், எண்ணெய் வெளியே வருவதோடு நில்லாது, காற்றும் உள்ளே புகும். கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும். வெளியே தெரியும் சிறு ஈரம் உள்ளே பெரும் கேட்டின் அறிகுறியாக இருக்கலாம்.

இனி ஆராயும் முறை. முதலாவது, பிளக் வயரைக் கழற்றிவிட வேண்டும். தீப்பெட்டி, பீடி அருகில் வரக்கூடாது. இரண்டாவது, எஞ்சினைச் சவர்க்கார நீரால் கழுவி நன்கு உலர்த்த வேண்டும். அழுக்கின்மேல் கசிவைத் தேடுவது வீண். மூன்றாவது, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, கீழே வெள்ளை அட்டையை விரித்து ஓரிரவு விட வேண்டும். காலையில் பவுடர் நனைந்த இடங்களுள் மிக உயர்ந்ததைப் பாருங்கள். எண்ணெய் கீழே வழிவது. சொட்டும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு.

நான்காவது, அட்டையில் விழுந்ததை நிறத்தாலும் மணத்தாலும் அறிய வேண்டும். மெல்லியதாய்ப் பரந்து பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் மணந்தால், குழாயையும் காபரேற்றரையும் பாருங்கள். கைப்பந்தை அமுக்க அமுக்க அது இறுகாவிட்டால் குழாயில் கசிவுண்டு, அல்லது காபரேற்றரின் ஊசி வாயை மூடவில்லை. கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தால், அது பெரும்பாலும் புகைவழியில் வரும் எரியாத ஒயில். சிறிதளவானால் அஞ்ச வேண்டாம். தடித்துக் கந்தக மணம் வீசினால் கியர் ஒயில். அப்போது அடித் திருகாணியை மெல்லத் தளர்த்துங்கள். நீர் எண்ணெயிலும் பாரமானது. ஆதலால் நீர் புகுந்திருந்தால் அதுவே முதலில் வரும். ஒயில் பால்போல் வெளுத்திருந்தாலும் சீல் போயிற்று என்பதே பொருள். ஓடும்போது பக்கத்துத் துவாரத்தால் பீச்சும் தண்ணீரோ கசிவன்று. அது குளிர்நீர் ஓடுவதன் அடையாளம். அது நின்றால்தான் அஞ்ச வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தம்பிமாருக்கும் ஒரு சொல். ஈரடிப்பு சைக்கிளில் வெளியே ஒரு சொட்டும் விழாமலே கியர் ஒயில் குறைந்து, வெள்ளைப் புகை கிளம்புமானால், கிளச்சுப் பக்கத்துக் கிராங்க் சீல் வழியாக ஒயில் உள்ளே இழுக்கப்பட்டு எரிகிறது என ஐயுறுங்கள். வெளியே தெரியாத கசிவே பொல்லாதது.

2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எத்தனை படகுகள் அன்று மணலில் கிடந்தன! பழைய வகை ஈரடிப்பு எஞ்சின், நல்ல நிலையிலேயே தன் எரிபொருளில் கால்பங்கு வரை எரியாமல் வெளியேற்றக்கூடியது. அதற்குமேல் கசிவாலும் இழப்பதற்கு நம்மிடம் செல்வமில்லை. அன்றியும், சிந்தும் எண்ணெய் எங்கே போகிறது? இறால் குஞ்சுகள் வளரும் முந்தல், புத்தளக் களப்புகளுக்கும், 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கற்பிட்டிப் பவளப்பாருக்கும் போகிறது. நாளைய வலையில் விழவேண்டியதை இன்றைய சொட்டு கெடுக்கிறது.

நண்பர்களே! ஒரு வெள்ளை அட்டை, ஒரு பவுடர்ப் பேணி, சிறிது பொறுமை, இவ்வளவே வேண்டுவது. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம். சொட்டைக் கண்டால் வெட்கப்பட்டுத் துடைத்து மறைக்காதீர்கள். தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். தெரிந்த பெரியோரும் சொல்லிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். கடலுக்குப் போகிறவனை வாசலில் நின்று வழியனுப்பும் தாய், அவன் திரும்பி வரும்வரை அமைதி கொள்வதில்லை. அந்தத் தாயின் பொருட்டேனும் கரையிலேயே காரணத்தைத் தேடுவோமாக.