ஆபரேஷன் ஆன பிறகும் கவனம் தேவை
(பெண்கள் ஐக்கிய சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு போதகர் பேசுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் சேலையூர், பல்லாவரம், வண்டலூர் பக்கங்களிலிருந்து வரும் தாய்மார் டாக்டரிடம் சொல்லக் கூசி, எங்களோடு ஊழியம் செய்யும் சகோதரிகளிடம் இதைச் சொல்லிக் கண்ணீர் விடுகிறார்கள். "அக்கா, எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே, பிறகு எப்படி நோய் வரும்?" என்கிறார்கள்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! (இதைச் சகோதரர்கள் தனியே யோசிக்கட்டும்.) இந்த ஆபரேஷன் கருக்குழாயை மட்டும் அடைக்கிறது. கிருமி வரும் வழியை அடைப்பதில்லை.

இதன் விலை என்னவென்று நம் தாம்பரம் அறியும். 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய சானடோரியம், பின்னாளில் எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாயிற்று. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் இக்கிருமியைக் கண்டறிந்தார்கள். அதன்பின் நோயுற்றுவந்த பெண்களில் பலர், கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத குடும்பப் பெண்கள். கர்ப்பத்தையும் நோயையும் சேர்த்துத் தடுப்பது நிரோத் போன்ற ஆணுறை. பிள்ளை வேண்டாமென்று ஆபரேஷன் செய்த வீட்டில் அதற்கு இடமில்லாமல் போகிறது.

காப்பர்-டி போடுமுன் தொற்று இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். போட்ட முதல் மூன்று வாரங்களில்தான் கிருமி கருப்பைக்குள் ஏறும் ஆபத்து சற்று அதிகம். காப்பர்-டி போட்ட சிலருக்கு மீன் வாடையோடு வெள்ளைப்படலாம். பயந்து உடனே எடுத்துவிட வேண்டியதில்லை, மருந்துக்கு அடங்கும். மாத்திரை சாப்பிடும் சிலருக்கு அரிப்போடு தயிர்போல் படலாம். இவை இரண்டும் கணவர்மேல் சந்தேகப்பட வேண்டிய நோய்கள் அல்ல. இதைச் சொல்லாததால் வீணாய்ப் பிரிந்த மனங்களும் உண்டு. டெட்டால் ஊற்றிக் கழுவுகிறவர்கள், உள்ளே காவல் காக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்லுகிறார்கள்.

பால்வினைத் தொற்று என்று டாக்டர் சொன்னால் கணவரும் வந்து மருந்து சாப்பிட வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு அவர் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தால், சில வாரங்களில் அந்த அம்மாள் அதே தொல்லையோடு திரும்பவும் எங்கள் வாசலில் நிற்கிறார்.