மதுச்சாலைப் பெண்ணும் எங்கள் ஒழுங்கையும்



சாவகச்சேரியில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டில் என் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இலண்டனிலிருந்து அவருடைய பேத்தி தொலைபேசியில் அழைப்பாள். சுகநலம் விசாரித்து முடிந்ததும் பெரியம்மா தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "அந்தச் சாராயக்கடைப் பிள்ளைக்கு இப்ப என்ன நடந்தது?"

சாராயக்கடைப் பிள்ளை என்று அவர் சொல்வது பேத்தியின் சிநேகிதியை அன்று. உயிருள்ள எவரையுமே அன்று. இங்கிலாந்தின் ஐ.ரி.வி. தொலைக்காட்சியில் வரும் 'எமர்டேல்' என்னும் தொடர் நாடகத்தின் பாத்திரமாகிய சாஸ் டிங்கிள் என்பவளைத்தான். பேத்தி அந்த நாடகத்தைப் பார்த்துவிட்டுக் கதையைத் தமிழாக்கிச் சொல்லுகிறாள். பெரியம்மா ஒரு காட்சியைத்தானும் காணாமலே அதன் தீவிர இரசிகையாகிவிட்டார். இந்த விந்தையைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் பேச எண்ணுகிறேன்.

'எமர்டேல்' 1972ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆந் திகதி 'எமர்டேல் பண்ணை' என்ற பெயருடன் தொடங்கியது. யோர்க்சயர் மாகாணத்துக் கமக்காரக் குடும்பமொன்றின் கதையாக, பகற்பொழுதில் வீட்டிலிருப்போருக்கென ஒளிபரப்பப்பட்ட அமைதியான நாடகம் அது. 1989இல் பெயரிலிருந்து பண்ணை உதிர்ந்தது. அமைதியும் ஏறக்குறைய அத்துடன் உதிர்ந்தது எனலாம். 1993ஆம் ஆண்டின் இறுதியில் கதைக்குள்ளே ஓர் ஆகாயவிமானம் கிராமத்தின்மேல் விழுந்தது. படப்பிடிப்புக்காக உண்மைக் கிராமங்களின் வீதிகளை மறித்து மறித்து அலுத்துப்போனவர்கள், 1998இல் ஹெயர்வூட் என்னும் பெருந்தோட்டத்தில் ஒரு முழுக் கிராமத்தையே கட்டிவிட்டார்கள். தேவாலயமும் கடையும் மதுச்சாலையும் உள்ள அந்தக் கிராமத்தில் இரவில் தங்குவதற்கு மட்டும் ஒருவருமில்லை.

அந்த மதுச்சாலையின் பெயர் வுல்பேக். 2002ஆம் ஆண்டு கதைக்குள் வந்த சாஸ் அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் பெண்ணாக வேலைசெய்து, பின்னாளில் அதன் பங்காளியாகவும் உயர்ந்தாள். லூசி பார்கெட்டர் என்ற நடிகை இப்பாத்திரத்தை ஏற்று நடித்தார். சாஸின் காதல் வரலாற்றைச் சுருக்கிச் சொல்வதானால் நேயர்கள் சற்றுப் பொறுமை கொள்ளவேண்டும். இளம் வயதிற் பெற்ற மகனைத் தகப்பனிடம் விட்டுச் சென்றவள் அவள். அந்தக் குற்றவுணர்ச்சி நெடுங்காலம் அவளைத் தொடர்ந்தது. கார்ல் கிங் என்பவனைக் காதலித்து மணமேடை வரை சென்றாள். அவன் வேறொருத்தியுடன் தொடர்புகொண்டதை அறிந்து, 2010இல், திருமண நாளன்று ஊரார் முன்னிலையிலேயே அதை வெளிப்படுத்தி அவனைக் கைவிட்டாள். அடுத்து அவள் மனம் சென்ற இடமோ இன்னும் கொடியது. கமரோன் என்பவன் அவளுடைய தமையனின் மகளோடு வாழ்ந்தவன். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் அவனோடு உறவுகொண்டாள். 2012 ஒக்டோபரில் கார்ல் அவளைத் தாக்க வந்தபோது செங்கல்லால் அவன் தலையில் அடித்துவிட்டு ஓடினாள். அவனைக் கொன்றவள் தானே என்று நம்பி அவள் உருக, உண்மையிற் கொன்றவனோ அவளை அணைத்து ஆறுதல் சொன்ன கமரோனே!

இவ்விடத்தைக் கேட்ட அன்று பெரியம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. அடுத்த ஆண்டு வெள்ளம் புகுந்த மதுச்சாலையின் நிலவறையில் கமரோன் மின்சாரம் தாக்கி மடிந்தான் என்ற செய்தி வந்ததும், "தெய்வம் நின்றுதான் கொல்லும்" என்று சொல்லித் தேநீர் வைத்துக் குடித்தார்.

பிறகு பாடி என்ற மிருக வைத்தியர் அவள் வாழ்வில் வந்தார். நல்ல மனிதர். 2018இல் அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரு மணிநேரங்கூட உயிர்தரிக்கவில்லை. அந்தக் குழந்தை பிழைக்காது என்பது கருவிலிருக்கும்போதே தெரிந்தும் தாய் அதைச் சுமந்து பெற்றாள். கூச்சலும் கொலையும் மலிந்த அந்த நாடகத்தில், அடங்கிய குரலிற் சொல்லப்பட்ட பகுதி இதுவே. என் மதிப்பில் மிகச் சிறந்ததும் இதுவே. இத்தனைக்கும் பின்னர், 2022இல், தன் தாய் நோயுற்றிருந்த காலத்தில், அல் சப்மன் என்ற இன்னொருவனிடம் மனத்தைப் பறிகொடுத்து அந்த நல்ல மனிதரையும் ஏமாற்றினாள். பெரியம்மா அன்று கோபித்தார். ஆயினும் கதை கேட்பதை நிறுத்தவில்லை.

நிற்க. இங்கிலாந்துக் கிராமத்தில் மதுச்சாலை என்பது எங்கள் கோயில் வீதியும் சங்கக்கடையும் தேநீர்க் கடையும் ஒன்றுசேர்ந்தாற் போன்றது. பாதிரியாரும் அங்கே வருவார், கமக்காரனும் வருவான், பிரேத அடக்கம் முடிந்ததும் உறவினர் கூடுவதும் அங்கேதான். ஆகவே மது ஊற்றுபவள் ஊரின் இரகசியங்கள் அனைத்தையும் அறிந்தவளாகிறாள். அவளுடைய இரகசியங்களையும் ஊர் அறியும். நாடகாசிரியனுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

தென்மராட்சியில் எங்களுக்கு இருந்தது கள்ளுத் தவறணை. பனைமரத்தடியிற் குந்தியிருந்து பிளாவிற் குடித்துவிட்டு, மனைவிமாருக்குத் தெரியாமற் போவதாக ஆண்கள் எண்ணிக்கொண்டு போய்வந்த இடம். அங்கே பெண்ணுக்கு இடமில்லை. வீட்டு முற்றத்தில் கள் விற்றுப் பிள்ளைகளை வளர்த்த பெண்கள் இருந்தார்கள். அவர்களைக் கதாநாயகியாக்க எந்த நாடகாசிரியரும் அவசரப்படவில்லை. சட்டமும் அவ்வாறே நின்றது. மது விற்கும் இடங்களில் மதுவரி அதிகாரியின் முன் அனுமதியின்றிப் பெண்கள் வேலைசெய்ய இலங்கையில் தடை இருந்தது. பெண்களுக்கு மது விற்பதும் தடையே. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இவ்விரு தடைகளையும் நீக்கி வர்த்தமானி அறிவித்தல் விடுத்தார். ஒரு வாரம் கழிவதற்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதை மீளப்பெறுமாறு பணித்துவிட்டார். குடியை நான் ஆதரிப்பவனல்லன். ஆனால் குடிப்பவன் ஆணாயிருக்க, ஒழுக்கத்தைக் காக்கும் சுமை மட்டும் பெண்ணின் தலையில் ஏறுவது எப்படி என்பது எனக்கு விளங்குவதில்லை.

தொடர் நாடகம் எங்களுக்குப் புதியதன்று. அமெரிக்காவில் 1930களில் சவர்க்காரக் கம்பனிகள் பணங்கொடுத்து வானொலித் தொடர்களை நடத்தியமையால் அவற்றுக்குச் சவர்க்கார நாடகம் என்ற கேலிப்பெயர் வந்தது. எங்கள் வானொலியிற் பெரும் புகழ்பெற்ற, சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' நாடகத்தை ஆதரித்ததோ மக்கள் வங்கி. அந்நாடகம் நடக்கும் நேரத்தில் ஒழுங்கையில் ஒரு வீட்டில் விட்ட வசனத்தை அடுத்த வீட்டிற் பிடித்துக்கொண்டே நடந்துபோகலாம். பின்னர் 1990களில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் இல்லை என்ற நாள்கள் வந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசிற்று. சுற்றுபவர் அழுதால் நாடகமும் தழதழக்கும். 2000ஆம் ஆண்டுப் போரில் சாவகச்சேரி பட்டணமே கல்லும் மண்ணுமாயிற்று, ஊரார் இடம்பெயர்ந்தனர். பெரியம்மா திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வானொலிப் பெட்டியும் இல்லை. கதை கேட்கும் ஆசை மட்டும் மிஞ்சியிருந்தது.

இனி நான் சொல்லவந்த விடயம். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு பெண் சில ஆண்டுகளாக மாலையில் அப்பம் சுட்டு விற்கிறாள். கணவனை விட்டு வந்தவள். வேறொருவரின் பெயரையும் அவள் பெயரோடு சேர்த்து ஊர் கதைக்கிறது. உண்மை பொய் எனக்குத் தெரியாது; விசாரிக்கவும் எனக்கு உரிமையில்லை. பெரியம்மா அவள் படலையைக் கடக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்புவார். அவள் கையால் ஒரு செம்பு தண்ணீரும் வாங்கியதில்லை.

ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமற் கேட்டுவிட்டேன். "பெரியம்மா, தமையன் மகளின் வாழ்வையே குலைத்த சாசுக்காகப் பட்டினி கிடந்தீர்கள். இந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தாள்?"

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "அவள் நாடகம், தம்பி. இவள் பக்கத்து வளவு" என்றார்.

மறுமொழி சொல்ல எனக்கு வரவில்லை. பெரியம்மாவின் கூற்றில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. சாஸின் வீட்டுக்குள் கதாசிரியர் எங்களை அழைத்துப்போய் விடுகிறார். அவள் தனியே அழுததை நாங்கள் கண்டோம். அப்பம் சுடும் பெண் தன் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் அதை எங்களுக்குச் சொல்ல யார் இருக்கிறார்? படலைக்கு வெளியே வருவது ஊர் கட்டிவிட்ட கதை மட்டுமே. இதையெல்லாம் நான் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசிக்கு என்னைக் கிட்டவும் விடமாட்டார்.

சென்ற மாதம் ஒரு மாலை நல்ல மழை. பெரியம்மா திண்ணையில் இருந்து ஒழுங்கை முகப்பையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அந்தப் பெண் ஓலைத் தட்டியை ஒரு கையாற் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பெரியம்மா மடியை அவிழ்த்துக் காசு எடுத்து என் கையில் வைத்தார்.

"பாலப்பம் நாலு வாங்கிக்கொண்டு வா" என்றார். நான் படலையைத் திறக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "எனக்கெண்டு சொல்லாதை."