கோட்டைப் போட்டவர்களும் கரையில் இருந்தவர்களும்

1494-ஆம் ஆண்டு ஸ்பெயினும் போர்ச்சுகலும் தோர்தேசியாஸ் என்ற ஊரில் கூடி, அட்லாண்டிக் பெருங்கடலின் குறுக்கே ஒரு கோடு கிழித்தன. மேற்கே கிடைப்பது ஸ்பெயினுக்கு, கிழக்கே கிடைப்பது போர்ச்சுகலுக்கு என்று ஒப்பந்தம். அந்த நிலங்களில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருந்தவர்களுக்கு இப்படியொரு பாகப்பிரிவினை நடந்ததே தெரியாது. 1513-இல் ஸ்பெயின் அரசவை ஓர் அறிவிப்பை எழுதிப் படைத்தலைவர்கள் கையில் கொடுத்தது. அரசருக்கும் திருச்சபைக்கும் பணியுங்கள், மறுத்தால் வரும் சாவுக்கும் அடிமைத்தனத்துக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். மக்களுக்குப் புரியாத மொழியில், சில வேளை ஆளே இல்லாத ஊரில், அதை வாசித்துவிட்டுப் படை உள்ளே நுழைந்தது. 1521-இல் மெக்சிகோவில் அஸ்டெக்குகளின் தலைநகர் விழுந்த கதையில் குதிரை, பீரங்கி, பெரியம்மை எல்லாம் வரும். ஸ்பானியப் படைத்தலைவர் கோர்தேஸோடு போனவர்கள் தொடக்கத்தில் சில நூறு ஸ்பானியர்தான், அவர்களுக்குத் தோள்கொடுத்த திலாஸ்கலா நாட்டார் பல்லாயிரம் என்பதும் உண்மை. ஆனாலும் அத்தனைக்கும் முன்னால் தோர்தேசியாஸில் ஒரு தாள் எழுதப்பட்டது. மண்ணுக்கு உரியவரை ஒரு தரப்பாகவே சேர்க்காமல் எழுதப்பட்ட அந்தத் தாளிலேயே ஆக்கிரமிப்பு தொடங்கிவிட்டது என்பது என் வாதம். இதற்குச் சான்று தேடி மெக்சிகோ வரை போக வேண்டாம், சென்னையின் ராயபுரமும் காசிமேடும் போதும்.

1639-இல் சென்னைக் கரையில் கோட்டை கட்டிக்கொள்ள அப்பகுதியை ஆண்ட நாயக்கர் ஆங்கிலேயக் கம்பெனிக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார். அங்கே ஏற்கெனவே வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் அதில் ஒரு தரப்பு இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் கம்பெனியால் கரை ஏறவே முடியாது. துறைமுகம் கிடையாது, கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் அலை உடைகிற இடத்தை ஐரோப்பியப் படகு தாண்டாது. தாண்டியது நம்மவர்களின் மசூலாப் படகு. பலகைக்கும் பலகைக்கும் இடையில் வைக்கோல் வைத்துத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், ஒரு ஆணி இருக்காது. அலை தூக்கி மணலில் அறைந்தால் ஆணி அடித்த படகு பிளந்துவிடும், தைத்த படகு நெளிந்து கொடுக்கும். எந்த அலையை விட்டு எந்த அலையில் ஏறுவது என்ற கணக்கு துடுப்புக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். ஆளுநரும் சரக்கும் பொன்னும் அவர்கள் கையை நம்பித்தான் கரை சேர்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேப்பாக்கம் கரையிலிருந்து வடக்கே ராயபுரத்துக்கு நகர்த்தினார்கள். அங்கே 1829-இல் படகுத் தொழிலாளர்கள் எழுப்பிய ராயப்பர் தேவாலயம் இன்றும் நிற்கிறது.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது அவர்களுடைய உழைப்பு. கரைமீது அவர்களுக்கு உரிமை உண்டென்று அது நினைக்கவில்லை. அந்த உழைப்பும் தேவையில்லாத காலம் வந்தது. 1870-களில் துறைமுக வேலை தொடங்கியது. 1881 புயல் அதை உடைத்துப் போட்டது, மறுபடியும் கட்டினார்கள். நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை வழிமறித்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையைக் கடல் தின்றது. நகரத்தின் பெருமையான மணற்பரப்பும் வடசென்னை இழந்த வீடுகளும் ஒரே சுவரின் இரு விளைவுகள். காசிமேட்டுக்கு வடக்கே இன்று கண்ணில் படுகிற கருங்கல் குவியல்களும் தூண்டில் வளைவுகளும் அந்த இழப்பைத் தடுக்கப் போட்டவை.

இதை ஸ்பானியர் செய்ததோடு ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தென் அமெரிக்காவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு மண்ணின் மக்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போன கொடுமையும், கொள்ளைநோயில் ஊர் ஊராய் அழிந்த சாவும் இங்கே நடக்கவில்லை. அந்த அளவை இதோடு சமப்படுத்துவது அங்கே மாண்டவர்களுக்குச் செய்யும் அநீதி. நான் ஒப்பிடுவது அழிவின் அளவை அல்ல, முடிவெடுத்த முறையை. துறைமுகம் வேலை தந்ததே, 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடியதே என்றும் சொல்வார்கள். தந்தது, மறுக்கவில்லை. ஆனால் லாபம் ஊருக்கெல்லாம் பங்காகி, நட்டம் மட்டும் ஒரே கரையில் ஒதுங்கும்போது அந்தக் கணக்கைச் சரி என்று ஏற்க முடியாது. மீனவர்களே வெள்ளையரோடு ஒத்துழைத்தார்கள் என்பாரும் உண்டு. திலாஸ்கலாவினரும் ஒத்துழைத்தார்கள். பிழைக்க ஒரு வழி தேடியவர் தம் மண்ணையே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை.

வெள்ளையர் போய்விட்டார்கள், அந்த முறை போகவில்லை. 2020-இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிகளின் வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளிவந்தது. மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அந்தத் தண்ணீரில் இறங்கி நின்றவர்கள் அங்கே வலை போடுகிற குடும்பங்கள். நேயர்களே, கடற்கரை வரைபடமோ துறைமுக விரிவாக்கமோ பொதுக் கருத்துக்கு வரும்போது அதை வாங்கிப் பாருங்கள். படகு ஏற்றும் இடமும் வலை உலர்த்தும் இடமும் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் இடமும் அதில் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இல்லையென்றால் தமிழில் எழுதிக் கொடுங்கள், கூட்டத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.