அழவும் நம்பவும் கற்றுக்கொடுங்கள்

இன்று இறையியல் பட்டம் பெறும் அன்புத் தம்பிகளே, தங்கைகளே!

இனி நீங்கள் சேகரங்களுக்கும் கிராமச் சபைகளுக்கும் போவீர்கள். பிரசங்க பீடம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. அதைவிடக் கடினமான ஓர் இடமும் காத்திருக்கிறது. அது ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் உட்காரும் பாய். அப்பாவை அடக்கம் செய்த அடுத்த வாரம் ஒரு பிள்ளை அங்கே வந்து உட்காரும். “நான் ஜெபம் பண்ணினேனே, ஏன் கேட்கலை?” என்று உங்களைக் கேட்கும். அந்தப் பிள்ளைக்குக் கடவுள்மேல் நம்பிக்கை வைக்க நீங்கள் எப்படிக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? இன்று அதைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன்.

2004ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கக்கூட மாட்டீர்கள். அந்த ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஐந்தே மாதங்களில், டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய அலைகள் நம் கரையைத் தாக்கின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக அடித்துச் செல்லப்பட்டார்கள். குளச்சலிலும் மணக்குடியிலும் ஆராதனைக்குப் போக வேண்டிய குடும்பங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போயின. கடலுக்கு அப்பால் முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அதே காலையில் அதே அழுகுரல்தான்.

அந்தப் பிள்ளைகளுக்கு நம் சபைகள் என்ன பதில் சொல்லின? ஆறுதல் சொன்னவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் இது பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று முழங்கிய குரல்களும் உண்டு. கோயிலுக்குள் இருந்தவர்களை ஆண்டவர் காத்தார் என்று சாட்சி சொல்லப்பட்டது. சொன்னவர்கள் உயிர் பிழைத்த நன்றியில் சொன்னார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்கு வெளியே கடற்கரையில் நின்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் சொல்ல முடியாத ஒன்றை மேடையிலும் சொல்லாதீர்கள். இது உங்களுக்கு நான் தரும் முதல் ஆலோசனை.

கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த செய்தியைப் பற்றி நம் ஆண்டவரே பேசியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரியும். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்ற எண்ணத்தை அவர் வெட்டி எறிந்தார். பிறவியிலேயே பார்வையற்ற மனிதனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும் அந்தக் கணக்கை அவர் ஏற்கவில்லை. ஆண்டவர் மறுத்த பதிலை அவர் பெயரால் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பிள்ளைகளிடம் நாம் அன்போடு சொல்லும் சில வார்த்தைகளும் காயப்படுத்தும். “அம்மா தூங்குறாங்க” என்று சொன்னால், சின்னப் பிள்ளை இரவில் கண்ணை மூடப் பயப்படும். “ஊருக்குப் போயிருக்காங்க” என்றால் தினமும் வாசலில் காத்திருக்கும். “நல்லவங்களைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்” என்றால், நல்ல பிள்ளையாக இருப்பதே ஆபத்து என்று நினைத்துக்கொள்ளும். சிறுவர்கள் பலர் தாங்கள் செய்த குறும்பினால்தான் இப்படி நடந்தது என்று மனதுக்குள் வைத்துப் புழுங்குவார்கள். ஆகவே உண்மையை எளிய சொற்களில் சொல்லுங்கள். அம்மா இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார், இதற்கு நீ காரணம் இல்லை, உன்னைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம், ஆண்டவர் அம்மாவையும் உன்னையும் கைவிடவில்லை. ஏன் நடந்தது என்று கேட்டால், எனக்கும் தெரியவில்லை, நானும் ஆண்டவரிடம் அதைத்தான் கேட்கிறேன் என்று சொல்லத் தயங்காதீர்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் ஆசிரியரைப் பிள்ளைகள் ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்கு அவர் சொன்ன கடவுளையும் சேர்த்துக் கைவிடுவார்கள்.

இரண்டாவதாக, பிள்ளைகளுக்குப் புலம்பக் கற்றுக்கொடுங்கள். நம் ஞாயிறு பள்ளிகளில் கைதட்டிப் பாடும் பாட்டுகள் நிறைய உண்டு. அழும் ஜெபம் மிகக் குறைவு. ஆனால் 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஒரு துதி வரிகூட இல்லை. அதையும் வேதத்திலிருந்து யாரும் நீக்கவில்லை. கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் அழிந்தபின் பிறந்த புலம்பல் நூலில் ஐந்து அதிகாரங்கள். அவற்றில் நான்கு எபிரெய எழுத்துகளின் வரிசைப்படி அமைந்தவை. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒன்றையும் விடாமல் அழுது தீர்த்திருக்கிறார்கள். நம் ஆண்டவர் சிலுவையில் 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் கதறினார். லாசருவை எழுப்பப்போவது தெரிந்திருந்தும் அவன் கல்லறைக்குப் போகும்முன் அழுதார். கடவுளிடம் முறையிடுகிறவன் கடவுளை விட்டுப் போகவில்லை; அவரிடமே வந்திருக்கிறான். இந்த ஒன்றைப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அறிந்துகொண்டால், துக்கம் வரும் நாளில் நம்பிக்கை இழந்துவிட்டோமோ என்று குற்றவுணர்வில் குமைய மாட்டார்கள்.

இதைத் துக்கம் வந்தபிறகு தொடங்க முடியாது. தாகம் எடுத்தபிறகு கிணறு வெட்டமாட்டோம் அல்லவா? தாவீது கோலியாத்தை வீழ்த்திய கதையைச் சொல்லும் அதே வகுப்பில், அவன் மகனை இழந்து அழுத கதையையும் சொல்லுங்கள். யோசேப்பு அதிபதியானதைச் சொல்லும்போது குழியிலும் சிறையிலும் கழிந்த ஆண்டுகளை வேகமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாவதாக, மனிதர் செய்த குற்றத்தைக் கடவுளின் சித்தம் என்று சொல்லி மூடாதீர்கள். கும்பகோணத்தில் எரிந்தது கீற்றுக்கூரை. பிள்ளைகள் தப்ப முடியாமல் போனதற்கு மனிதரின் அலட்சியம் காரணம். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக்கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. சுனாமிக்குப் பின் 2007இல் ஹைதராபாத்தில் முன்னெச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. 2012 ஏப்ரலில் சுமத்ராவுக்கு அருகே மீண்டும் பெரும் நிலநடுக்கம் வந்தபோது நம் கடலோர மக்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. அந்த வேலையும் இறைவனுக்குப் பிரியமான வேலைதான். கடவுளை நம்பும் பிள்ளை, பள்ளிக் கூரை பாதுகாப்பானதா என்று கேட்கும் குடிமகனாகவும் வளர வேண்டும்.

நான்காவதாக, கூடவே இருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அது. வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். கடைசியில் கடவுள் கண்டித்தது முறையிட்டுக் கதறிய யோபுவைவிட, தமக்கு வக்காலத்து வாங்கிய அந்த நண்பர்களைத்தான்.

சுனாமி நாட்களில் நாகூர் தர்காவையொட்டிய இடத்தில் மதம் பாராமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. பரங்கிப்பேட்டையில் ஜமாத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போட்டுத் தங்க இடம் கொடுத்தார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா இல்லம் எழுந்தது. அங்கே வளர்ந்தவர்களில் சிலர் இன்று படித்து முடித்துக் குடும்பமாக வாழ்கிறார்கள். அங்கே எந்தக் கேள்விக்கும் விளக்கம் கிடைத்துவிடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தலைவார ஒரு கை இருந்தது. ஆண்டவர் நம்பத் தகுந்தவர் என்று ஒரு பிள்ளை முதலில் அறிவது, நம்பத் தகுந்த ஒரு பெரியவரைப் பார்த்துத்தான்.

ஆகவே துக்க வீட்டுக் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். ஒரு மாதம் கழித்துப் போங்கள். பள்ளிக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். இறந்தவர் பிறந்தநாளைக் குறித்து வைத்துக்கொண்டு அன்றைக்கு மறுபடியும் போங்கள்.

இத்தனையும் செய்தபின் உங்களிடம் சொல்ல ஒரு நற்செய்தி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். எழுந்தவரின் கைகளில் காயத்தின் தழும்புகள் இருந்தன. தோமா அவற்றைப் பார்த்தார். நாம் அறிவிக்கும் நம்பிக்கை காயமே படாது என்ற வாக்குறுதி அல்ல. காயத்துக்கும் சாவுக்கும் கடைசித் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை என்பதே நம் நம்பிக்கை. எந்தத் துயரத்தையும் சிறியதாக்காமல் இதைச் சொல்ல முடியும். அழுதபடியே சொல்ல முடியும்.

அன்புப் பட்டதாரிகளே, இன்று நீங்கள் பெறும் பட்டம் எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்தவர் என்பதற்கான சான்று அல்ல. கேள்வி கேட்கும் பிள்ளையைத் தனியே விடமாட்டீர்கள் என்று சபை உங்கள்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அது. உங்கள் கையில் ஒப்படைக்கப்படும் எந்தப் பிள்ளையும், கடவுளிடம் அழுததற்காக வெட்கப்படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் உங்களோடிருந்து இந்தப் பணியை ஆசீர்வதிப்பாராக.