மலையில் ஒரு கழிப்பறை வேண்டும்



‘தூரம்’ என்று சொல்லி நாம் ஒதுக்கி வைத்த விஷயத்தை இன்று வெளிப்படையாகப் பேசுவோம். ஆண்களும் இருந்து கேளுங்கள்.

பெண்ணுறுப்பின் உள்ளே பற்றீரியாக்கள் வாழ்கின்றன. அது அழுக்கு அல்ல. பெரும்பாலும் அங்கே இருப்பது லக்டோபசிலஸ். தயிரைப் புளிக்க வைக்கும் இனம். அது உண்டாக்கும் அமிலம் தீய கிருமிகளை அடக்கி வைக்கிறது. மாதவிடாய் இரத்தம் அந்தப் புளிப்பைக் குறைத்துவிடும். காவல் தளர்ந்ததும் மற்றக் கிருமிகள் பெருகும். இரத்தம் நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் கூடி, நல்ல பற்றீரியா மீண்டும் வளரும்.

அந்த நாட்களில் துணியையோ பேடையோ 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். துணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப் போடுங்கள். உடம்பில் வெளிப்புறத்தை மட்டும் தண்ணீரால் கழுவினால் போதும். உள்ளே சவர்க்காரம் போட்டால் நல்ல பற்றீரியாவும் அழியும். மீன் வாடையோடு வெள்ளை பட்டால் வெட்கப்படாமல் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள். மருந்தால் சுகமாகும்.

இதெல்லாம் நமக்குத் தெரிந்தால் மட்டும் போதுமா? காலையில் மலைக்கு ஏறியவள் துணி மாற்ற எங்கே போவாள்? தேயிலைச் செடி மறைவுக்கா?

கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தண்ணீரும் கதவும் உள்ள கழிப்பறை வேண்டும். நாம் சலுகை கேட்கவில்லை. மாதர் சங்கத் தலைவிமாரே, அடுத்த கூட்டத்தில் இதையே முதல் கோரிக்கையாக எழுதுவோம்.