கடலும் கல்சுவரும்
(தேங்காய்த்திட்டில் பேசியதன் சாரம்)



இயற்கையைப் பற்றியும் முன்னேற்றத்தைப் பற்றியும் சொல்லும்படி நாம் கேட்கப்பட்டிருக்கிறோம். இவ்விஷயத்தில் இரண்டுவித பக்தர்கள் இருக்கிறார்கள். ஒருவர் இயற்கையைக் கடவுளாக்கி யந்திரமே கூடாதென்பவர். காந்தியார் 1909-இல் எழுதிய "இந்து சுயராஜ்யம்" ரயிலையும் டாக்டரையுங்கூடக் கண்டித்தது. மற்றவர் யந்திரத்தையே கடவுளாக்கினவர். பொதுவுடைமை பேசிய சோவியத் சர்க்கார் 1960 முதல் பருத்திக்காக இரண்டு பெரிய ஆறுகளைத் திருப்பிவிட, ஆரல் கடல் வற்றி மீன்பிடி படகுகள் மணலில் கிடந்தன. கடவுளாக்கின பின் கணக்குக் கேட்பவர் யார்?

நாம் யந்திரத்துக்கு விரோதியல்ல. கட்டுமரத்தை அலையில் தள்ளி உயிருக்குப் போராடுகிறவனுக்குத் துறைமுகம் அவசியமே. ஆனால், உங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். இக்கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலையானது மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் திரும்புகிறது. வரவு செலவு பார்த்தால் வடக்கே போவதே அதிகம். 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்கென்று இரண்டு கல்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. மணல் தெற்கே தேங்கிற்று. வடக்கே புதுவைக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. ஓரிடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கேயுள்ள கரை அரிக்கும். இப்படியே குப்பம் குப்பமாக நகர்ந்து, தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை போயிற்று.

"கடலம்மாவுக்குக் கோபம், பூசை போடு" என்கிறான் ஒருவன். தெற்கத்தியானுக்கு மணலை வாரிக் கொடுத்து வடக்கத்தியானிடம் பிடுங்குகிற கோபம் என்ன கோபமோ! "முன்னேற்றத்துக்காகத் தியாகம் செய்" என்கிறான் படித்தவன். அவன் வீடு குப்பத்திலா இருக்கிறது?

தேங்கும் மணலை எடுத்து வடக்கே கொட்டவேண்டுமென்பது துறைமுகத் திட்டத்திலேயே கண்ட ஏற்பாடு. அது ஒழுங்காய் நடைபெறவில்லை. அரித்தது கடல்தான், அரிக்க விட்டவர்கள் மனிதர்கள். பிறகு 2018-ஐ ஒட்டித் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணீருக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள், மணல் திரும்பிற்று. அறிவைக்கொண்டு கெட்டதை அறிவைக்கொண்டே திருத்தலாம் என்பதற்கு இது பிரத்தியட்சம். ஆனால், முதலில் மணல் வந்த இடம் நகரத்தார் மாலையில் உலாவும் இடமேயொழிய, வலை உலர்த்த இடமில்லாத குப்பமல்ல என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே தோழர்களே, அதிகாரிகள் அடுத்த முறை வரும்போது மாலை போடாதீர்கள். சென்ற வருஷம் எத்தனை கன மீட்டர் மணல் எடுத்தீர்கள், அதை எங்கே கொட்டினீர்கள் என்று கேளுங்கள். இத்திட்டிலுள்ள அலையாத்தி மரங்களில் எத்தனையை வெட்ட உத்தேசம், அவற்றடியில் நண்டும் இறாலும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு என்ன வழி என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.